மறுப்பின் விலை

ஒரு திட்டம் விருப்பத்தின்பாற்பட்டதா, கட்டாயமா என்று அறிய அதன் ஒப்புதல் படிவத்தைப் படித்தால் போதாது. ஒப்ப மறுத்தவருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலால் இரண்டு அமைப்புகளை எடைபோடலாம்: ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் தமிழ்நாட்டின் பிக்மி.

களமாக ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூரை உள்ளடக்கிய திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது நிர்வாக எல்லை நகர்ந்தது. கொள்வினை கொடுப்பினை நகரவில்லை. நோயாளிக்கும் திருத்தணி அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., சித்தூர், திருப்பதி ரூயா எல்லாமே எட்டும் இடங்கள். மருத்துவச் சீட்டுகள் இரு மாநிலங்களில் சிதறும் இத்தகைய ஊரில்தான் எந்தத் தகவல் அமைப்பின் தகுதியும் தெரியவரும்.

முதலில் டிஜிட்டல் இயக்கம். 2020 ஆகஸ்டில் ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிந்த இதன் வடிவமைப்பு முதிர்ச்சியானது. இது தரும் 14 இலக்க ஆபா என்ற சுகாதார அடையாள எண் ஒரு சுட்டி மட்டுமே. பதிவேடுகள் ஒரே கிடங்கில் குவிவதில்லை. உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் அவற்றைக் காண நோயாளியின் ஒப்புதல் வேண்டும். எதற்காக, எந்தக் காலத்துப் பதிவுகள், எதுவரை என்பதை அந்த ஒப்புதல் வரையறுக்கும். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியும். எண் இல்லை என்பதற்காக மருத்துவத்தை மறுக்கக் கூடாது என்று 2020 டிசம்பர் கொள்கை தெளிவாகச் சொல்கிறது. திருப்பதியில் எடுத்த ஸ்கேனை வேலூர் மருத்துவர் பார்க்க முடிவது எல்லையோர நோயாளிக்கு மெய்யான ஆதாயம்.

வடிவில் உள்ள இந்த நேர்மை செயலில் குன்றுகிறது. 2021இல் ஆதாரைக் காட்டிக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்கு, அவர்கள் அறியாமலே சுகாதார அடையாள எண் உருவாகிச் சான்றிதழில் அச்சாகி வந்தது. கேளாமல் வழங்கிய எண்ணை விருப்பத் தேர்வு என்று கணக்கில் வைப்பது முறையல்ல. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’ வசதி இன்னும் நுட்பமான சிக்கல். கியூஆர் குறியைப் படம்பிடித்து விவரம் பகிர்பவருக்கு ஓ.பி. டோக்கன் விரைவில் கிடைக்கிறது. இந்த வசதி வந்த இடத்தில், ஸ்மார்ட்போன் இல்லாத பொதட்டூர்பேட்டை நெசவாளிக்கு எஞ்சுவது பழைய நீண்ட வரிசை. கொள்கை மீறப்படவில்லை, ஆனால் மறுப்புக்கு விலை வைக்கப்பட்டுவிட்டது. அந்த விலையைக் கொடுக்க நேர்வதோ மிகக் குறைந்த வசதி உள்ளவருக்கு.

பிக்மி இதற்கு நேரெதிர். அது தன் கட்டாயத்தை ஒளிப்பதில்லை. அதன்வழி கிடைக்கும் ஆர்.சி.எச். எண் இருந்தால்தான் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் அதுவே வாசல். சாதனையைக் குறைத்து மதிப்பிட இயலாது. ரத்தசோகையையும் ரத்த அழுத்தத்தையும் கிராம சுகாதார செவிலியர் முன்கூட்டியே கண்டு, பிரசவம் வரை தொடர்வதற்கு இந்தப் பதிவுதான் அடித்தளம். குறை தண்டனையின் இலக்கில் இருக்கிறது. தாய் பதியாவிட்டால் சேதம் குழந்தைக்கு. பிறப்புச் சான்றிதழோ குழந்தையின் உரிமை. கருவுற்றதை ஊரறியச் சொல்ல இயலாத பெண்ணுக்கு இதில் கண்ணியமான மாற்றுவழி வேண்டும். ஆந்திரத்து நகரியில் வாழ்க்கைப்பட்டவள் தலைப்பிரசவத்துக்குப் பள்ளிப்பட்டுத் தாய்வீட்டுக்கு வந்தால், இரு மாநிலப் பதிவுகளையும் பொருத்தும் பொறுப்பு துறையுடையதாக வேண்டும், குடும்பத்துடையதாக அல்ல.

கட்டாயம் என்பதாலேயே ஒன்று தவறாகிவிடாது. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் தடுப்பூசிக்கு வற்புறுத்த முடியாது என்றது. பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம், அது தேவைக்கேற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த அளவையில், பிக்மியின் நோக்கம் தேறுகிறது. சான்றிதழைப் பிணை வைக்கும் வழிமுறை தேறவில்லை. டிஜிட்டல் இயக்கமோ தன்னை விருப்பத் திட்டம் என்று அழைத்துக்கொள்வதால் இந்தச் சோதனைக்கே வராமல் தப்பிவிடுகிறது. வெளிப்படையான கட்டாயத்தை வழக்கு மன்றத்தில் கேள்வி கேட்கலாம். விருப்பம் என்ற பெயரில் வரும் கட்டாயத்தை எங்கே கேட்பது?

சட்டமும் முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு நிபந்தனையற்ற ஒப்புதலைக் கோருகிறது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் கேட்கவும் வழிசெய்கிறது. தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊருக்கு இது நல்ல விதி. ஆனால் 7ஆம் பிரிவு, மானியமும் சேவையும் சான்றிதழும் வழங்கும் பொருட்டு, கைவசமுள்ள தரவைப் புதிய ஒப்புதலின்றிப் பயன்படுத்த அரசுக்கு இடம் தருகிறது. பெரும்பாலான ஏழைகள் அரசைச் சந்திப்பதே இந்த மூன்றுக்காகத்தான். ஆக, ஒப்புதல் மிகுதியும் தேவைப்படும் இடத்திலேயே அது விலக்கப்படுகிறது.

முடிவு இது. பிக்மி நிறைவேறிய சாதனை, வரம்பு மீறிய தண்டனையோடு. பிறப்புச் சான்றிதழை அதிலிருந்து பிரித்துவிட்டால் அதன் மதிப்பு குறையாது. டிஜிட்டல் இயக்கம் சிறந்த வரைவு, நிறைவேறாத வாக்குறுதியோடு. எண் தராதவரும் போன் இல்லாதவரும் அதே நேரத்தில் அதே மருத்துவரைப் பார்க்க முடியும் வரை, அதன் ஒப்புதல் கணக்குகளை மக்களின் சம்மதமாக ஏற்பதற்கில்லை.