உஷ்ணத்துக்கு நிறம் மாறும் அச்சுச் சாயம்

நீல அச்சின்மேல் உள்ளங்கையைப் பதித்துச் சற்று நேரம் பொறுத்து எடுத்தால், கைபட்ட இடம் மட்டும் வெளிறி, விரல்கள் ஐந்தும் தனித்தனியே துலங்கி, பிறகு மெல்ல மெல்ல மறைந்துபோகும் விநோத சாயம் ஒன்றைத் திருப்பூரில் ஒரு சிறிய பிரிண்டிங் பட்டறையில் பனியன் துணியின்மேல் அச்சிட்டுப் பரீட்சித்துப் பார்த்தேன்.

சில மைக்ரான் அளவேயுள்ள நுண்கூடுகளுக்குள், கிரிஸ்டல் வயலெட் லாக்டோன் போன்றதொரு லூக்கோ சாயமும், அதற்கு நிறம் எழுப்பும் மென்மையான அமிலமும், மெழுகுபோல் உறைந்து உருகும் கரைப்பானும் அடைபட்டிருக்கின்றன. கரைப்பான் உறைந்திருக்கும்வரை அமிலம் சாயத்தோடு கூடி வர்ணம் காட்ட, அது உருகியவுடன் அந்தக் கூட்டு கலைந்து வர்ணம் மறைகிறது. நான் வாங்கியது 31 டிகிரி செல்சியஸில் மாறும் ரகம்.

சாதாரண பிக்மென்ட்டைப் போலவே பைண்டரில் கலந்து, ஃபிரேமில் ஊற்றி, ஸ்குவீஜியால் இழுத்துவிடலாம். ஆனால் கூடுகள் உடைந்தால் சாயம் பாழ் என்பதால் மிக்ஸரில் வேகமாக அடிப்பதும், காரமான கரைப்பான்களைச் சேர்ப்பதும் ஆகாது. க்யூரிங் யந்திரத்திலிருந்து வெளிவரும் துணி ஒன்றுமே அச்சிடாததுபோல் வெளுத்திருக்க, அது ஆற ஆற ஓரத்திலிருந்து நீலம் ஊறி வருவதைப் பழகிய தொழிலாளிகளே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மஞ்சள் பிக்மென்ட்டைச் சேர்த்து அச்சிட்டதில், பச்சையாக இருந்தது சூடு பட்டதும் மஞ்சளாயிற்று. எனக்குப் பிடித்தது இதுவே.

குறைகளும் உண்டு. விலை அதிகம் என்பதோடு, சூரிய கிரணம் தொடர்ந்து பட்டால் சாயத்தின் சக்தி குன்றும்; வெந்நீர்த் துவைப்பும் சூடான இஸ்திரியும் இதற்குச் சத்துருக்கள். 1991-இல் சியாட்டில் நகரத்து ஜெனரா நிறுவனம், ஜப்பானின் மட்சூய் கம்பெனியின் சாயத்தைக் கொண்டு ‘ஹைப்பர்கலர்’ சட்டைகளை விற்று, நாலே மாதத்தில் சுமார் ஐந்து கோடி டாலர் ஈட்டியும், மறுவருஷமே திவாலானது. வெந்நீரில் துவைத்தால் வித்தை நின்றுவிடும் என்பதும், அக்குள் வேர்வையை நிறமே ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் அச்சட்டைகளின் பிரசித்தமான குறைகள்.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை நம் சீதோஷ்ணத்தைச் சார்ந்தது. நிழலிலேயே 31 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில், இந்த நீலம் காலையில் மறைந்தால் இரவு வரை தலைகாட்டுவதில்லை. வெறும் வெள்ளைப் பனியனுக்குக் கூடுதல் விலை கொடுத்தவனின் கதிதான் வாங்கியவனுக்கு. குளிர்நாட்டு ஏற்றுமதிக்கு இந்த ரகம் உசிதமானது. உள்ளூர் வியாபாரத்துக்கு 40 டிகிரிக்கு மேல் மாறும் ரகத்தையோ, மறைந்தாலும் அடியில் வேறொரு சித்திரம் எஞ்சும்படியான கலவையையோ தேர்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே ஆர்டர் எடுப்பவர், டிசைனைக் கேட்குமுன் சட்டை எந்த ஊரில் விற்கப்போகிறது என்பதை விசாரித்துக்கொள்வது நல்லது.