தறி நின்னா யாருக்கு உதவி?

வேலை இழந்த தொழிலாளிக்கு அரசு என்ன செய்யுது என்று கேட்டால் ஒரு பட்டியலே வாசிக்கலாம். அந்தத் திட்டங்களின் விதிகளைத்தான் சில வாரங்களாக எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கும்போது மனசில் ஒரே ஊர்தான்: குமாரபாளையம். காவிரிக்கு இந்தக் கரையில் நாமக்கல் மாவட்டம். பாலத்தைத் தாண்டினால் பவானி, ஈரோடு மாவட்டம். ஊர் முழுக்க விசைத்தறியும் அதைச் சார்ந்த சாயப்பட்டறை, பாவு வேலைகளும். அங்கே ஒரு தறிப்பட்டறை மூடினால், தறி ஓட்டினவர் கைக்கு இந்தப் பட்டியலில் எது வந்து சேரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம், 1986. பெயரைப் பார்த்தால் நெசவு ஊருக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். நிரந்தரமாக மூடிய ஆலையின் தொழிலாளிக்கு முதல் வருடம் சம்பளத்தில் 75 சதம், இரண்டாம் வருடம் 50, மூன்றாம் வருடம் 25. மூன்று வருடத்துக்குள் வேறு வேலையில் உட்கார வைக்க வேண்டும் என்ற யோசனை, காகிதத்தில் நல்ல யோசனைதான். ஆனால் சிறுதொழில் பிரிவில் வரும் கூடங்களுக்கு அது கிடையாது. பெரிய பஞ்சாலை மூடினால் உண்டு. பதினாறு தறி வைத்த பட்டறை மூடினால் இல்லை. 2017-ல் அந்தத் திட்டத்தையும் நிறுத்தி, இஎஸ்ஐ-யின் ராஜீவ் காந்தி திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

சரி, இஎஸ்ஐ-க்கு வருவோம். 2018-ல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதம் கொடுத்தது. கொரோனா வந்தபின் 50 சதமாக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள். வாழ்நாளில் ஒரே முறை. குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், சந்தா நாள் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். இஎஸ்ஐ-யோ பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான். ஏழெட்டுப் பேர் ஷிப்ட் போட்டு ஓட்டுகிற பட்டறைக்காரர் அந்த வாசலுக்கே வரமாட்டார். வந்தாலும் ‘ஒரே முறை’ என்பது இடிக்கும். நூல் விலை ஏறினா தறி நிக்கும், ஆர்டர் இல்லைன்னா நிக்கும். ஒருத்தர் வேலைக்காலத்தில் இது ஒரு தடவையோடு முடிகிற சங்கதியா?

மாநில அரசின் வேலையில்லா இளைஞர் உதவித்தொகை வேறு கதை. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால்தான். இது வேலை கிடைக்காத படித்தவருக்கு; வேலை இருந்து போனவருக்கு இல்லை. விசைத்தறி நெசவாளர் நலவாரியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், மரணம், அறுபதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு தலைப்பு உண்டு. வேலையிழப்புக்குத் தலைப்பு கிடையாது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் கணக்கில் 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் வந்துவிட வேண்டும். பதினைந்து நாள் சம்பளத்தில் என்ன புதுத் திறன் கற்பது என்பது ஒரு பக்கம். ‘ஆட்குறைப்பு’ என்று யார் எழுதித் தருவது என்பதுதான் பெரிய கேள்வி. அங்கே யாரும் யாரையும் ஆட்குறைப்பு செய்வதில்லை. “பாவு வரல, வந்தா சொல்லியனுப்பறேன்”னு சொல்வாங்க. அவ்வளவுதான். எந்தத் தேதியில் வேலை போனது என்பதே எழுத்தில் இருக்காது. மேலே சொன்ன இஎஸ்ஐ திட்டத்துக்கோ அந்தத் தேதிதான் முதல் நிபந்தனை.

அப்படியானால் அந்த இடைவெளியில் குடும்பம் எப்படி ஓடுகிறது? பாக்கியில் ஓடுகிறது. பாக்கி என்றால் முதலாளி கொடுக்கும் முன்பணம். கீர்ட் டி நெவ் என்ற மானிடவியலாளர் 1990-களில் பவானி, குமாரபாளையம் பகுதியில் தங்கி ஆய்வு செய்து, 1999-ல் இந்தப் பாக்கியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பாக்கி ஆளைக் கட்டிப்போடுகிறது, ஆனால் கட்டுப்பட்டவரும் அதை வைத்துப் பேரம் பேசுகிறார், மீறுகிறார் என்று இரண்டு பக்கத்தையும் காட்டிய கட்டுரை. அதைத் திட்ட விதிகளோடு சேர்த்துப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது: குமாரபாளையத்தில் நடைமுறையில் இருக்கும் ஒரே மறுவேலை உதவித் திட்டம் பாக்கிதான். வேலை நின்றவருக்கு உடனே ரொக்கம் தருகிறது, கூடவே அடுத்த வேலையையும் தருகிறது. சான்றிதழ் கேட்பதில்லை. பதிலுக்குக் கேட்பது, கடன் தீரும்வரை கூலி பற்றி வாய் திறக்காத ஆளை. அரசு காலியாக விட்ட இடத்தில் முதலாளி நிற்கிறார். அப்புறம் நாமே கொத்தடிமை முறை என்று அதைத் திட்டுகிறோம். திட்டுவது சரிதான், அந்த வாரம் அரிசிக்கு யார் பணம் தருவது என்பதற்கும் பதில் வேண்டுமே.

அரசிடம் பணமில்லை என்று சொல்ல முடியாது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது. 2023-ல் 1000 யூனிட்டாக உயர்த்தினார்கள். தறியை நவீனமாக்க ஒன்றிய அரசின் மானியமும் இருந்தது. தறி ஓடினால்தானே வேலை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த உதவிகள் எல்லாம் தறியின் பெயரிலும் மின் இணைப்பின் பெயரிலும் போகின்றன. தறி நிற்கிற அன்றைக்கு, ஓட்டினவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

என் யோசனை சின்னதுதான். இலவச மின்சாரம் வாங்கும் ஒவ்வொரு இணைப்பிலும் தறி ஓட்டுபவர்களின் நலவாரியப் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கலாம். மின் கணக்கீட்டில் பயன்பாடு ஒரேயடியாக விழுந்தால் அதையே தறி நின்றதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். முதலாளி எழுதித் தர வேண்டியதில்லை. அந்த எண்களுக்கு வாரியம் மூன்று மாதம் உதவித்தொகை தரட்டும், வாழ்நாளில் ஒரு முறை என்ற வரம்பு இல்லாமல். எண் கொடுத்தால் தலைக்கணக்கு வெளியே தெரியும் என்று பட்டறைக்காரர்கள் தயங்குவார்கள். அதற்காகத்தான் மின்சாரச் சலுகையோடு முடிச்சுப்போடச் சொல்கிறேன். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருந்தால், அடுத்த பட்டறையில் பாக்கி கேட்காமலே கூலி பேசலாம். எனக்கு அதுதான் மறுவேலை உதவி.