இடைத்தர வரைகலை அட்டை: நிறையும் குறையும்

ஒன்றைப் பற்றித் தீர்ப்புரைக்கப் புகுவோன் முதலில் தன் துலாக்கோலைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்து நிற்பதைக் கொண்டு முடிவு செய்க என்பது 504ஆம் குறளில் வள்ளுவர் காட்டும் நெறி. வினைக்குரியவரைத் தேர்வதற்கு வகுக்கப்பட்ட அந்நெறி நூல்களை ஆராய்வதற்குப் பொருந்துவது போலவே, நம் மாணவர் இன்று விரும்பி வாங்கும் கருவிகளை ஆராய்வதற்கும் பொருந்தும். கணினிக் கருவிகளைப் பற்றிய பேச்சில் விளம்பரம் மிகுதி, வசையும் மிகுதி. திறனாய்வோ அருகியே காணப்படுகிறது. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்கில் ஒரு வரைகலை அட்டையை இங்கு எடுத்துக்கொள்வோம்.

என்விடியா நிறுவனம் 2023 ஜூனில் 299 அமெரிக்க டாலர் விலையில் வெளியிட்ட ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 என்பதே அந்த அட்டை. 2025 மே மாதத்தில் இதன் வழித்தோன்றலான 5060 வெளிவந்துவிட்டது. எனினும், வெளியான அன்றைய ஆரவாரம் அடங்கிய பின்னரே ஒன்றன் உண்மைத் தகுதி புலப்படும் என்பதால் இதனையே தேர்ந்தோம்.

எந்த அளவுகோல்?

கணினி விளையாட்டில் நாம் காணும் காட்சி, ஒரு விநாடிக்குள் பலமுறை புதிதாக வரையப்படும் படச்சட்டங்களின் தொடர். விநாடிக்கு 60 சட்டங்கள் வேண்டுமெனில், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிக்குள் வரைந்து முடித்தல் வேண்டும். இப்பணியைச் செய்வதே வரைகலை அட்டை. விநாடிக்கு எத்தனை சட்டங்கள் என்பதே பலரும் கைக்கொள்ளும் அளவுகோல். அஃது இன்றியமையாதது, ஆனால் போதுமானதன்று.

இடைத்தர அட்டையை வாங்குவோர் யாவர்? ஆண்டுதோறும் புதியது வாங்கும் வசதி படைத்தவர் அல்லர். பல திங்கள் பணம் சேர்த்து ஒருமுறை வாங்குவோர். அப்பொருள் நான்கைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டுமென எதிர்பார்ப்போர். ஆகவே, இன்று எவ்வாறு இயங்குகிறது என்பதோடு, எத்தனை காலம் நின்று பயன்படும் என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

நிறைகள்

முதல் நிறை சிக்கனம். 2021இல் வெளிவந்த முன்னோடியான ஆர்டிஎக்ஸ் 3060இன் மின்திறன் அளவு 170 வாட். இதற்கோ 115 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் முழு வேலை வாங்கினால், ஓராண்டில் ஏறக்குறைய 80 அலகு மின்சாரம் மிச்சமாகும். நம் போன்ற வெப்ப நாடுகளில், சிறிய அறைக்குள் வெளிப்படும் வெப்பம் குறைவது தனி நன்மை. பழைய கணினியின் மின்வழங்கியை மாற்ற வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழாது.

இரண்டாவது நிறை வேகம். 1080 வரிசைத் திரையில் இது முன்னோடியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரைந்து இயங்குகிறது. குறைந்த மின்சாரத்தில், 30 டாலர் குறைந்த அறிவிப்பு விலையில் இவ்வேகம் கிடைத்தது பாராட்டுக்குரியது. ஏவி1 முறையில் காணொளியைப் பதிவு செய்யும் ஆற்றலும் முன்னோடியிடம் இல்லாத சிறப்பு.

குறைகள்

முதன்மையான குறை நினைவகம். முன்னோடிக்கு 12 கிகாபைட். பின்வந்த இதற்கு 8 மட்டுமே. காரணம் அமைப்பிலேயே உள்ளது. நினைவகத்துக்குச் செல்லும் பாதையின் அகலம் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருக்கப்பட்டது. ஒரு நினைவகச் சில்லுக்கு 32 பிட் பாதை தேவை. ஆகவே நான்கு சில்லுகளுக்கே இடமுண்டு. சில்லுக்கு இரண்டு கிகாபைட் எனக் கொண்டால், கணக்கு எட்டில் முடிகிறது.

இக்குறையை ஈடுசெய்ய, சில்லுக்குள்ளேயே 24 மெகாபைட் இடைநினைவகம் அமைக்கப்பட்டது. முன்னோடியிடம் அது 3 மெகாபைட் மட்டுமே. இதனைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் ஆசிரியரின் மேசையை அகலமாக்கினால் அலமாரிக்கு நடக்கும் நடை குறையுமேயன்றி, அலமாரியில் கூடுதல் நூல்களுக்கு இடம் பிறந்துவிடாது. 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 1’ என்னும் விளையாட்டு, 8 கிகாபைட் அட்டைகளை உயர்தர அமைப்பில் திணறச் செய்தது. பின்னர் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீராக்கின என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். எனினும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை அது காட்டிவிட்டது.

நினைவகம் நிரம்பி வழியும்போது, தரவுகள் கணினியின் பொது நினைவகத்துக்குச் சென்று மீள வேண்டும். அதற்குரிய பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பிலும் இவ்வட்டை 16 தடங்களுக்கு மாறாக எட்டையே பயன்படுத்துகிறது. மூன்றாம் தலைமுறைப் பலகை கொண்ட பழைய கணினியில் அவ்வெட்டுத் தடங்களின் வேகமும் பாதியாகிறது. பழைய கணினிக்குப் புத்துயிர் ஊட்ட எண்ணுவோரே இவ்வட்டையைப் பெரிதும் நாடுவர் என்பதால், அடி விழக்கூடாத இடத்திலேயே விழுகிறது.

இனி, சட்டங்களை இயற்றிச் சேர்க்கும் முறையைப் பார்ப்போம். வரையப்பட்ட இரு சட்டங்களுக்கு இடையே, ஊகித்து இயற்றிய ஒரு சட்டத்தைச் செருகுவதே இது. கண்ணுக்குக் காட்சி வழுவழுப்பாகத் தோன்றும்; எண்ணிக்கையும் உயரும். ஆனால் செருகிய சட்டம் ஆடுவோரின் கைச்செயலை அறியாது. அடுத்த சட்டம் வரையப்படும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் தாமதமும் சற்றே கூடும். முன்பே விரைந்து ஓடும் விளையாட்டில் இஃது அணி. தள்ளாடும் விளையாட்டில் வெறும் பூச்சு. மேலும், இதற்கும் நினைவகம் தேவை. இயற்றப்பட்டவற்றையும் வரையப்பட்டவற்றையும் ஒன்றாகக் கூட்டி முன்னோடியோடு ஒப்பிடுவது, அசைச்சொற்களையும் எண்ணிச் செய்யுளின் பொருட்செறிவை அளப்பதற்கு ஒப்பாகும்.

முடிவு

எட்டு கிகாபைட் என்பது விலையால் நேர்ந்த தவிர்க்கவியலாத எல்லை எனச் சிலர் வாதிடுவர். 2024 டிசம்பரில் இன்டெல் நிறுவனம் 12 கிகாபைட் கொண்ட ஆர்க் பி580 அட்டையை 249 டாலருக்கு அறிவித்தது. அது மின்சாரத்தை மிகுதியாக உண்கிறது என்பது உண்மையே. ஆயினும் அவ்வாதம் அன்றோடு வலுவிழந்தது. அதற்குப் பின்னரும் 2025இல் வந்த 5060 அதே எட்டோடு நின்றது வருந்தத்தக்கது.

ஆகவே நம் தீர்ப்பு இது: ஆர்டிஎக்ஸ் 4060 திறமையாக இயற்றப்பட்ட அட்டை; அதன் நிறைகள் இன்றைக்கு உரியவை, குறையோ நாளைக்கு உரியது. 1080 வரிசைத் திரையும் சிறிய மின்வழங்கியும் உடையவர், அமைப்புகளைக் குறைத்துக்கொள்ள இசைவாராயின், குறைந்த விலையில் கிடைக்கும்போது தயங்காது வாங்கலாம். முன்னோடியை வைத்திருப்போர் மாற்ற வேண்டியதில்லை. ஐந்தாண்டுக் கனவோடு சேமித்த பணத்தைக் கொடுப்போருக்கோ, குறையே மிகுந்து நிற்கிறது. இடைத்தரத்தாருக்கு விற்கப்படும் பொருளின் தலையாய அறம் நீடித்து உழைத்தல். அதனை நிறுக்காத துலாக்கோல், எத்துணை நுண்ணிய எண்களைக் காட்டினும், கோடிய கோலே ஆகும்.