பார்டன் ஹாலின் இரண்டாம் பாதி

கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் ஆல்பம் பெயரைச் சொல்லிப் பேசுவது குறைவு. தேதியைச் சொல்லித்தான் பேசுவார்கள். 1972 ஆகஸ்ட் 27 என்றால் ஆரிகன் மாநிலத்து வெனீட்டா, மண்டையைப் பிளந்த வெயில், அரை மணி நேரத்தைத் தாண்டிய 'டார்க் ஸ்டார்' பாட்டு. 1969 பிப்ரவரி 27 என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட். 1977 மே 8 என்றால் ஊரைச் சொல்லவே வேண்டாம். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், அல்லது சண்டைக்கு வருவார்.

1965-ல் கலிஃபோர்னியாவில் கூடிய ராக் குழு கிரேட்ஃபுல் டெட். 1995 ஆகஸ்டில் அதன் முன்னணி கிட்டார்காரர் ஜெரி கார்சியா இறக்கும்வரை முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 மேடைகள் ஏறியது. இசைத்தட்டுச் சந்தையில் அவர்களுக்குப் பெரிய ராசி இல்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது ஒரே ஒரு பாட்டு, அதுவும் 1987-ல். ஸ்டூடியோவில் உட்கார வைத்தால் அவர்கள் சாதுவாகிவிடுவார்கள். மேடையில் விட்டால்தான் வேறு ஆட்கள். மற்றவர்கள் இசைத்தட்டை விற்பதற்காக ஊர் ஊராகப் போனார்கள். இவர்களுக்குக் கச்சேரிதான் பிழைப்பு, அதுவே படைப்பும்.

இன்றைக்கு என்ன பாடப்போகிறோம் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மேடை ஏறியதில்லை. நேற்று வாசித்த பாட்டை இன்றும் வாசிப்பது அபூர்வம். வாசித்தாலும் நேற்றுப் போன வழியில் போகமாட்டார்கள். ஒரே குழுவைத் தொடர்ந்து ஐந்தாறு ஊருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போன ரசிகர்களை வெளியில் இருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். மூன்று சபாக்களில் ஒரே வித்வானின் தோடியைக் கேட்கப் போகிறவரை நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அந்த மே 8 ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் அன்னையர் தினம். நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் இத்தாகா என்னும் சிறிய ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் கச்சேரி. ராணுவ அணிவகுப்புப் பயிற்சிக்காகக் கட்டப்பட்டு, பிறகு மாணவர்கள் ஓடிப் பழகும் இடமாக மாறிய பிரம்மாண்டமான கூடம் அது. இசைக்கும் அந்தக் கூரைக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. மே மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியும், கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்கள் மேல் பனி பெய்தது. இதைச் சொல்லாமல் எந்த ரசிகரும் கதையைத் தொடங்குவதில்லை.

முதல் பாதி நன்றாகவே இருக்கிறது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஜாக் ஸ்ட்ரா' மிடுக்காக வருகிறது, 'ரோ ஜிம்மி' தன் பாட்டுக்குச் சோம்பலாக நகர்கிறது. கடைசியில் வரும் 'டான்ஸிங் இன் த ஸ்ட்ரீட்' அந்தக் காலத்து டிஸ்கோ மோகத்தில் முழுகி எழுந்தது. அதற்குப் பரம ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தத் தாளம் கொஞ்சம் இளிப்பதாகவே படுகிறது, ஆனாலும் அதில் கார்சியாவின் தனி வாசிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாம் பாதிக்கு முன் குழுவின் பாப் வெயர் மைக்கைப் பிடித்து, முன்வரிசையில் நசுங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக எல்லோரும் ஓரடி பின்னால் போகச் சொல்லி ஒரு விளையாட்டு நடத்துகிறார். கச்சேரியைப் பதிந்த ஒலிநாடாவில் அது அப்படியே இருக்கிறது. அதன் பிறகு 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' தொடங்குகிறது.

இங்கே யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் கேட்பது இன்னும் ருசிக்கும். கார்சியாவின் வலது கை நடுவிரல் சிறுவயதிலேயே கோடாரி பட்டுத் துண்டாகிப்போனது. முதலில் பாஞ்சோ பழகிய கை அது. ஸ்வரங்களை ஒன்றோடொன்று குழைக்காமல், முத்து முத்தாகத் தனித்து விழ வைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அன்று அவர் கையில் இருந்தது அலுமினியக் கழுத்து கொண்ட டிராவிஸ் பீன் கிட்டார். அந்த மணியோசை அதனுடையது. பாப் வெயர் ரிதம் கிட்டார்காரர். ஆனால் அவர் பின்பற்றியது கிட்டார்காரர்களை அல்ல, ஜாஸ் பியானோக் கலைஞர் மெக்காய் டைனரின் இடது கையை. அதனால் பிடித்த கார்டையே திரும்பத் திரும்ப அடிக்காமல், இடைவெளி பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்குவார். ஃபில் லெஷ் குழுவில் சேரும்வரை பேஸ் கிட்டாரைத் தொட்டதில்லை. டிரம்பெட் பயின்றவர், லூசியானோ பெரியோவிடம் நவீன இசையமைப்பு படித்தவர். பேஸ் என்றால் அடியில் கிடந்து தாங்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நல்ல வேளை. கார்சியா மேலே ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே லெஷ் கீழே அதற்கு மறுப்புச் சொல்லிக்கொண்டு போவார். பியானோவில் கீத் கோட்ஷோ, குரலில் அவர் மனைவி டோனா ஜீன், பின்னால் பில் க்ரூட்ஸ்மன், மிக்கி ஹார்ட் என்று இரண்டு டிரம்காரர்கள்.

'ஸ்கார்லெட்'டின் பாட்டுப் பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பதற்காகத்தான் ஜனங்கள் அந்த ஒலிநாடாவைத் தேய்த்தார்கள். மேற்கில் மிக்ஸோலிடியன் என்று சொல்லும் ஸ்வர வரிசையில் பாட்டு போகிறது. நம் கணக்கில் அரிகாம்போதி. ராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகம் வேறு கதை. ஆனால் அந்தக் கைசிகி நிஷாதத்தில் கார்சியா வந்து நின்று, ஷட்ஜத்துக்குப் போகாமல் இழுத்தடிக்கும்போது கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இடம் தெரிந்துவிடுகிறது. டோனா ஜீனின் குரல் சொல் இல்லாமல் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு விலகுகிறது. மெல்ல வேகம் தளர்கிறது. யாரும் கை காட்டவில்லை, யாரும் எண்ணவில்லை. லெஷ் அடியில் வேறொரு சின்னச் சொற்கட்டைப் போட்டுப் பார்க்கிறார், எடுத்துவிடுகிறார், மறுபடி போடுகிறார். டிரம்கள் அதன் பக்கம் சாய்கின்றன. கார்சியா மட்டும் இன்னும் பழைய பாட்டிலேயே இருக்கிறார். அல்லது இருப்பதுபோல் பாவனை காட்டுகிறார். கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பாட்டும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. பிறகு கேட்டுக்கொண்டிருக்கும் நாம் ஏற்கெனவே 'ஃபயர் ஆன் த மவுன்டன்' பாட்டுக்குள் இருக்கிறோம். எந்தக் கணத்தில் எல்லை தாண்டினோம் என்று திரும்பப் போட்டுக் கேட்டாலும் பிடிபடுவதில்லை.

இது நடக்க ஒரு காரணம் உண்டு. இரண்டு பாட்டுக்கும் ஆதார சுருதி ஒன்றே. 'ஃபயர்' முழுவதும் இரண்டே கார்டுகள். அப்படிச் சொன்னால் சுலபம்போல் தோன்றும். 'ஃபயர்' மேடைக்கு வந்தே அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் புதுப் பாட்டை இத்தனை நிதானமாக, ஏறக்குறைய 25 நிமிடம் நீளும் ஜோடியின் பின்பாதியாக அவர்கள் விரித்ததுதான் ஆச்சரியம். பாட்டுப் பட்டியல் எழுதும்போது ரசிகர்கள் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி போடுவார்கள், நிறுத்தாமல் கடந்தார்கள் என்பதற்கு அடையாளமாக. அந்த அம்புக்குறிக்குப் பித்துப்பிடித்த ஒரு கூட்டத்தை உண்டாக்கியதில் இந்த இரவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

'ஃபயர்' பிறந்த இடம் நமக்கு அவ்வளவு தூரமில்லை. மிக்கி ஹார்ட் அறுபதுகளின் பிற்பகுதியிலேயே தபலா மேதை அல்லா ரக்காவிடம் கணக்கு கற்றவர். அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனோடு சேர்ந்து தீகா ரிதம் பேண்ட் என்ற பெயரில் 1976-ல் வெளியிட்ட இசைத்தட்டில், சொற்கள் இல்லாத ஒரு தாளப் படைப்பாக இந்த மெட்டு முதலில் வந்தது. பாட்டின் வரிகளை எழுதியவர் ராபர்ட் ஹன்டர். ஹார்ட்டின் இந்தப் பாதை பின்னால் சென்னைவரை நீண்டது. 1991-ல் வந்த அவருடைய 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் ஜாகிரோடு கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அது இந்தத் தட்டுக்குத்தான் போயிற்று.

அடுத்து வரும் 'எஸ்டிமேட்டட் பிராஃபெட்' ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிச்ர சாபுவில் தட்டிப் பார்த்தால் கை சரியாகவே விழும். ராக் கேட்கவந்த கல்லூரிப் பிள்ளைகளை ஏழில் ஆடவைத்தார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர்கள் ஆடினார்கள்.

இரண்டாம் பாதியின் கடைசிப் பாட்டான 'மார்னிங் டூ'வை எழுதியது இந்தக் குழு அல்ல. கனடா நாட்டுப் பாடகி பானி டாப்ஸன். அணுகுண்டுப் போருக்குப் பின் உலகில் மிஞ்சிய இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் அமைந்த பாட்டு. கார்சியா அதை மிகவும் தாமதமான நடையில், குரலை உயர்த்தாமல் பாடுகிறார். அவர் பெரிய பாடகர் அல்ல. சுருதி நழுவும், மூச்சு தெரியும். இந்தப் பாட்டுக்கு அது குறையாகத் தெரிவதில்லை. பாடி முடித்தபின் கடைசித் தனி வாசிப்பைக் கிட்டத்தட்ட காதில் விழாத அளவில் தொடங்குகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி மேலே. டிரம்கள் அவசரப்படுவதில்லை. லெஷ் கீழே ஒரு கனத்த ஸ்வரத்தைப் போடுவார் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் போடாமல், இரண்டு அட்சரம் தள்ளிப் போடுகிறார். கடைசிக் கட்டத்தில் கார்சியா தனி ஸ்வரங்களைக் கைவிட்டு, எல்லாத் தந்திகளையும் ஒருசேர விசிறியடிக்கத் தொடங்குகிறார். அந்த இடத்தில் கூட்டத்தின் சத்தமும் கிட்டாரின் சத்தமும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன. இதற்குமேல் ஏதும் வாசிக்கக்கூடாது என்று தோன்றும். அவர்களோ திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை இரவில், 'ஒன் மோர் சாட்டர்டே நைட்' வாசித்துவிட்டுத்தான் போனார்கள்.

இந்தப் புகழில் பாதி பெட்டி கேன்டர்-ஜாக்ஸனுக்குச் சேரவேண்டியது. குழுவின் ஒலிப்பதிவாளர் அவர். அரங்கின் ஒலிபெருக்கிக்குப் போகும் கலவையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தன் காதுக்குத் தனியாக ஒரு கலவை செய்து நாக்ரா கருவியில் பதிந்தார். இரும்புக் கூரை எதிரொலித்த கூடத்தில் நின்றவர்களுக்கு நமக்குக் கேட்பது போல ஒவ்வொரு விரலும் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ஒலியைப் பற்றிய இந்த வெறி அந்தக் குழுவுக்கே உரியது. 1974-ல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் அறுநூறு சொச்சம் ஒலிபெருக்கிகளை ஒரு சுவராக அடுக்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே ஒரு தூண் கொடுத்தார்கள். லெஷின் பேஸில் நான்கு தந்திகளையும்கூடத் தனித்தனியே ஒலிக்கவைக்க முடிந்தது. பாடகர்களுக்கு ஆளுக்கு இரண்டு மைக். சுவரின் சத்தம் இரண்டிலும் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒன்றில் மட்டும் பாடும் குரல் தங்கும். எழுபது டன்னுக்கு மேல் எடை. அதை ஏற்றி இறக்கியே திவாலாகும் நிலைக்கு வந்து, அந்த ஆண்டு அக்டோபரோடு கைவிட்டார்கள்.

பெட்டியின் ஒலிநாடாக்கள் பின்னாளில் ஒரு சேமிப்புக் கிடங்கில் வாடகை பாக்கிக்காக முடங்கி, 1986-ல் ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து பிரதிகள் ரசிகர்கள் கைக்கு வந்தன. அதன் பிறகுதான் மே 8 பெரும்புகழ் அடைந்தது. கச்சேரியைப் பதிவுசெய்ய வருபவர்களை விரட்டுவது பிற குழுக்களின் வழக்கம். டெட் குழுவோ 1984 அக்டோபரில் ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் அவர்களுக்கென்றே இடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றது. மைக் கம்பங்கள் அங்கே நாணல் காடாக நிற்கும். ஒரே நிபந்தனை, காசுக்கு விற்கக்கூடாது. வெற்றுக் கேசட்டும் தபால்தலையும் அனுப்பினால் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு முழு இரவைப் பிரதி எடுத்து அனுப்பிவைப்பார். அப்படிப் பரிமாறிக்கொண்டவர்களில் ஒருவரான டிக் லாட்வாலா பிற்பாடு குழுவின் ஆவணக் காப்பாளரே ஆனார். 2012-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் பார்டன் ஹால் நாடாவைச் சேர்த்தது. 2017-ல் அது முறைப்படி விற்பனைக்கு வந்தபோது, இருபது முப்பது ஆண்டுகளாக அதை இலவசமாக வைத்திருந்தவர்களே காசு கொடுத்து வாங்கினார்கள்.

இதெல்லாம் தெரிந்த பழைய ரசிகர்களுக்குப் பார்டன் ஹால் என்றாலே ஒரு சலிப்பு உண்டு. அவர்களைக் கேட்டால், ஹார்ட் விலகியிருந்த 1971 முதல் 1974 வரையான காலத்தைச் சொல்வார்கள். ஒற்றை டிரம்மோடு க்ரூட்ஸ்மன் பறவைபோல் திசை மாற்றிய வருடங்கள். இரண்டு டிரம் வந்தபின் வண்டி பெரிதாகிவிட்டது, திருப்புவது கடினம் என்பது அவர்கள் வாதம். வெனீட்டாவின் 'டார்க் ஸ்டார்' கேட்கும் நாளில் நானும் இதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே எங்கே போகிறோம் என்று வாசிப்பவர்களுக்கே தெரியவில்லை. பார்டன் ஹாலில் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எப்போது என்பதுதான் தெரியவில்லை.

வேறு சிலர் அவ்வளவு பின்னால்கூடப் போகமாட்டார்கள். மறுநாள் மே 9, பஃபலோ நகரம். அன்று 'ஸ்கார்லெட்' இல்லை, 'ஃபயர்' இல்லை, 'மார்னிங் டூ' இல்லை. முந்தின இரவின் வெற்றியை ஓரமாக வைத்துவிட்டு 'ஹெல்ப் ஆன் த வே'யில் தொடங்கி, 'ஸ்லிப்நாட்' வழியாக 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' ஏறினார்கள். அந்த மூன்றும் பார்டன் ஹாலின் எந்த இருபது நிமிடத்தைவிடவும் உசத்தி என்று அடித்துச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். மறுத்துப் பேச என்னிடம் 'மார்னிங் டூ'வின் கடைசி நான்கு நிமிடம் மட்டுமே இருக்கிறது.