பார்மன் அறிக்கை: பலமும் மௌனமும்

1933 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் திருச்சபைகளில் தேர்தல். முந்தைய நாள் இரவே ஹிட்லர் வானொலியில் பேசி, நாஜி ஆதரவு ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற அணிக்கு ஆதரவு திரட்டியிருந்தார். அந்த அணி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை அள்ளியது. மிரட்டல் இருந்தது, பிரசாரம் இருந்தது. ஆனால் மிகப் பலர் மனம் ஒப்பியே வாக்களித்தார்கள். போரில் தோற்ற அவமானமும், வேலையில்லாத் திண்டாட்டமும், கம்யூனிசம் பற்றிய அச்சமும் அவர்களை அழுத்தியிருந்தன. நாடு நிமிர்வதைக் கண்டவர்கள் அதில் கடவுளின் கரத்தையும் கண்டார்கள்.

செப்டம்பரில் பிரஷ்யத் திருச்சபையின் பேரவை, யூத வம்சாவளியினர் போதகராக இருக்கக் கூடாது என்று தீர்மானித்தது. நவம்பரில் பெர்லின் விளையாட்டு அரங்கில் சுமார் 20,000 பேர் முன்னிலையில், பழைய ஏற்பாட்டையே கைவிட வேண்டும் என்று அந்த அணியின் தலைவர் ஒருவர் முழங்கினார்; கூட்டம் கைதட்டியது. ஞானஸ்நானம் பெற்ற பெருந்திரளே தவறான பக்கம் சாயும்போது, உண்மை எது என்று ஒரு கிறிஸ்தவர் எப்படிப் பகுத்தறிவது?

எதிர்த்து நின்றவர்கள் தேர்ந்துகொண்ட வழி, கூடி அமர்ந்து விசுவாச அறிக்கை செய்வது. 1934 மே 29 முதல் 31 வரை, வுப்பெர்டால் நகரின் பார்மன் பகுதியிலுள்ள கெமார்க்கே ஆலயத்தில் 139 பிரதிநிதிகள் கூடினார்கள். கார்ல் பார்த் என்ற இறையியலாளர் பெரும்பகுதியை எழுதிய ஆறு கூற்றுகளை எதிர்ப்பின்றி ஏற்றார்கள். அநீதியின் முன் திருச்சபை எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இந்தப் ‘பார்மன் அறிக்கை’. அந்தப் புகழுக்கு அது தகுதியானதுதான். ஆனால் அந்த முறைக்குள் இருந்த ஓட்டையையும் சேர்த்துப் படிக்காவிட்டால், அதிலிருந்து நாம் கற்பது பாதிப் பாடமே.

முதலில் அதன் பலம். ஒவ்வொரு கூற்றும் மூன்று அடுக்காக அமைந்திருக்கிறது: முதலில் வேதவசனம், அடுத்து அதிலிருந்து அறிக்கையிடும் உண்மை, கடைசியில் மறுக்கும் பொய். இந்த மூன்றாவது அடுக்கில்தான் அறிக்கையின் கூர்மை இருக்கிறது. ‘இயேசுவே ஆண்டவர்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் ஜெர்மன் கிறிஸ்தவர்களும் கூசாமல் கையெழுத்திட்டிருப்பார்கள். ‘ஆகவே இந்தப் போதனையை மறுக்கிறோம்’ என்று சேர்த்தபோது, அவர்களால் கையெழுத்திட முடியாத வாக்கியம் பிறந்தது. எதை ஏற்கவில்லை என்று சொல்லத் துணியாத பகுத்தறிதல், பக்தியான பொதுப்பேச்சோடு நின்றுவிடும்.

இரண்டாவது பலம், எண்ணிக்கையின் வாதத்தை அது வேரிலேயே அறுத்தது. ‘இந்த எழுச்சியிலும் இந்தத் தலைவரிலும் கடவுள் பேசுகிறார்’ என்பதுதான் கூட்டத்தின் வாதம். வேதம் சாட்சி பகரும் கிறிஸ்துவைத் தவிர வேறு நிகழ்வையோ அதிகாரத்தையோ தேவ வெளிப்பாடாக ஏற்க முடியாது என்றது முதல் கூற்று. அதன்படி தேர்தல் வெற்றியும் மக்கள் உற்சாகமும் சத்தியத்துக்குச் சாட்சி ஆவதில்லை. இந்த அளவுகோல் எவ்வளவு தேவைப்பட்டது என்பது இரண்டே வாரத்துக்குள் தெரிந்தது. ஜூன் 11 அன்று, எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் வெர்னர் எலெர்ட், பால் அல்த்தாவுஸ் உள்ளிட்டோர் அன்ஸ்பாக் நகரிலிருந்து ஒரு மறுப்பு வெளியிட்டார்கள். குடும்பம், மக்கள், இனம் ஆகிய ஒழுங்குகளின் வழியாகவும் கடவுளின் சித்தம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்று வாதிட்டு, ஹிட்லரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றியும் சொன்னார்கள். இருவரும் லூத்தரைக் கரைத்துக் குடித்த அறிஞர்கள். படிப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை.

மூன்றாவது பலம், இது தனியொருவரின் உள்ளுணர்வு அல்ல. நூற்றாண்டுகளாகப் பிணங்கி நின்ற லூத்தரன், சீர்திருத்த சபைகளும், ஐக்கிய சபைகளும் ஒரே வாசகத்துக்கு வந்தன. ‘எனக்கு வெளிப்பட்டது’ என்று ஒருவர் சொன்னால் அதைச் சோதிக்க வழியில்லை. பலர் வாதாடித் திருத்தி எழுதிய அறிக்கையை யாரும் வேதத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம்.

இனி அதன் குறை. ஆறு கூற்றுகளையும் எத்தனை முறை படித்தாலும் யூதர்களைப் பற்றி ஒரு சொல் கிடைக்காது. 1933 ஏப்ரலிலேயே யூதர் கடைகளுக்கு எதிரான புறக்கணிப்பு நடந்துவிட்டது. யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டமும் வந்துவிட்டது. எல்லாம் பகலில், ஊரறிய நடந்தவை. அதே ஏப்ரலில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இளம் இறையியலாளர், அரசைக் கேள்வி கேட்பதும், பாதிக்கப்பட்டவர் எவராயினும் உதவுவதும், தேவைப்பட்டால் அநீதியின் சக்கரத்தையே தடுத்து நிறுத்துவதும் திருச்சபையின் கடமை என்று எழுதியிருந்தார். அந்தக் குரல் பார்மனின் வாசகத்துக்குள் வரவில்லை.

காரணம், எல்லோரும் ஒருமனப்பட வேண்டும் என்ற தேவையே. பார்மனில் கூடியவர்களில் பலர் அரசியலில் புதிய ஆட்சியை வரவேற்றவர்கள். திருச்சபைக்குள் அது மூக்கை நுழைப்பதைத்தான் எதிர்த்தார்கள். யூதர் மீதான பழைய வெறுப்பும் பலரிடம் ஊறியிருந்தது. அந்தப் பொருளைத் தொட்டிருந்தால் ஒப்புதல் கிடைத்திருக்காது. பல ஆண்டுகள் கழித்து, 1967இல், பார்த்தே ஒரு கடிதத்தில் இதை ஒத்துக்கொண்டார்: அப்படி ஒரு வாசகத்தை அன்று யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள், ஆனாலும் அதற்காகப் போராடாதது தன் குற்றமே என்று. நான் இதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். பெருங்கூட்டத்தை எதிர்த்தவர்கள் தங்களுக்குள்ளேயே இன்னொரு கூட்டமாக இருந்தார்கள். வெளியே இருந்த பொதுக்கருத்தை அவர்களால் மறுக்க முடிந்தது. தங்கள் அவைக்குள் இருந்ததை மறுக்க முடியவில்லை.

குறையின் மறுபக்கத்தை எலிசபெத் ஷ்மிட்ஸ் காட்டுகிறார். பெர்லினில் ஆசிரியையாக இருந்தவர், போதகர் அல்ல. யூதக் குழந்தைகள் பள்ளியில் படும் அவமானம், வேலையிழந்த குடும்பங்கள், ஊர்ப் பலகைகளில் தொங்கிய வசைகள் என்று ஒவ்வொன்றாகத் திரட்டி, 1935இல் ஒரு குறிப்பறிக்கை எழுதினார். திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று அதில் கேட்டார். பெயர் போடாமல், சுமார் 200 பிரதிகளைத் தாமே எடுத்து, பொறுப்பில் இருந்தவர்களுக்குச் சேர்ப்பித்தார். பார்மனில் கூடியவர்களின் எதிர்ப்புத் திருச்சபை நடத்திய பேரவை அதை விவாதிக்கவில்லை. 1938 நவம்பரில் யூதர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பின், மனசாட்சிக்கு விரோதமாகக் கற்பிக்க முடியாது என்று ஷ்மிட்ஸ் வேலையை விட்டார். அந்தக் குறிப்பறிக்கை அவருடையது என்பதே பல பத்தாண்டுகள் அறியப்படாமல் இருந்தது. இறையியலாளர்கள் வேதவசனத்திலிருந்து தொடங்கி, திருச்சபையின் சுதந்திரத்தோடு நின்றார்கள். அவர் அதே விசுவாசத்தோடு வகுப்பறையிலிருந்து தொடங்கி, அடிபட்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

பார்மன் பலனற்றுப் போனது என்று சொல்வதும் நேர்மையாகாது. 1936இல் எதிர்ப்புத் திருச்சபையின் தலைமை ஹிட்லருக்கே ஒரு குறிப்பறிக்கை அனுப்பி, யூத வெறுப்பைத் திணிப்பது அன்பின் கட்டளைக்கு விரோதம் என்றது. 1938 நவம்பர் 16 அன்று ஓபர்லென்னிங்கன் என்ற சிற்றூரில் போதகர் யூலியஸ் ஃபோன் யான், ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டதைப் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்து, அடி வாங்கி, சிறைக்குப் போனார். ஆனால் 1936 அறிக்கை வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கசிந்தபோது கைதான வழக்கறிஞர் ஃபிரீட்ரிக் வைஸ்லர் யூத வம்சாவளிக் கிறிஸ்தவர். அவரைத் திருச்சபைத் தலைமை தாங்கிப் பிடிக்கவில்லை. 1937 பிப்ரவரியில் சாக்சன்ஹவுசன் முகாமில் அவர் கொல்லப்பட்டார்.

பார்மனின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன் குறையைக் களைந்தது தென்னாப்பிரிக்காவின் பெல்ஹார் அறிக்கை. 1982இல் வரையப்பட்டு 1986இல் ஏற்கப்பட்டது. அதிலும் ஏற்பதும் மறுப்பதும் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் அதை எழுதியது நிறவெறியின் சுமையைத் தானே சுமந்த சபை. அதனால்தான் வறியவர், அநீதிக்கு உள்ளானவர் பக்கம் கடவுள் நிற்கிறார் என்பதும், திருச்சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்பதும் அதன் நடுவிலேயே இடம்பெற்றன.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. கூட்டத்துக்கு எதிராக நிற்பதே சத்தியத்தின் அடையாளம் ஆகிவிடாது. சிறுபான்மையாக இருக்கும் பிழைகளும் உண்டு. ‘எல்லோரும் வழிதவறிவிட்டார்கள், நாங்கள் மட்டுமே மிஞ்சினோம்’ என்று சொல்லும் ஒவ்வொரு குழுவுக்கும் பார்மன் சான்றிதழ் தருவதில்லை. வேதத்துக்குத் திரும்புவது, ஏற்பதோடு மறுப்பதையும் சொல்வது, கூடிச் சோதிப்பது: மூன்றும் இன்றும் வேண்டும். நான்காவதாக ஒன்றும் வேண்டும். அறிக்கையில் கையெழுத்திடுமுன், இந்த நாட்களில் அடிபடுகிறவர் யார், அவர் பெயர் இதில் இருக்கிறதா, எழுதும் மேசையில் அவருக்கு இடம் உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால், நமக்குள் கிடைத்த ஒருமனத்துக்காக மகிழாமல், அது எதை விலையாகக் கேட்டது என்று முதலில் விசாரிப்போம்.