போன வருஷத்துப் பாத்தி

தமிழ்நாட்டில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்தில்கூட ஒன்று இருக்கிறது. நான் சொல்வது மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசம். மேற்கே போனால் திண்டிவனம். கிழக்கே போனால் உப்பளமும் கடலும்.

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கேதான் இருந்தேன். சித்தப்பா வீட்டில் தெருப் பையன்கள் பத்துப் பேர் மஞ்சள் பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸும் கொல்கத்தாவும் மோதுகின்றன. சென்னை இருபது ஓவர் ஆடி 9 விக்கெட்டுக்கு 103. சேப்பாக்கத்தில் அந்த அணி எடுத்த ஆகக் குறைந்த ஸ்கோர் அதுதான். கொல்கத்தா 10.1 ஓவரில் கதையை முடித்துவிட்டது.

சித்தப்பா உப்பளத்துக்காரர். கிரிக்கெட் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் கேட்டார்: "ஏம்பா, நான் சாப்ட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சா?"

ஒரு பையனும் பதில் சொல்லவில்லை. இழவு வீடு தோற்றது.

அன்றைய தோல்வி தொடர்ச்சியாக ஐந்தாவது. ஐ.பி.எல். வரலாற்றில் சென்னை அணி அதற்கு முன் அப்படித் தோற்றதே இல்லை. கடைசியில் 14 மேட்சில் 4 வெற்றி, 10 தோல்வி. பத்து அணிகளில் பத்தாவது இடம். அதுவும் முதல் தடவை. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பை வாங்கிய டீம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

சேப்பாக்கம் கணக்கு இன்னும் மோசம். ஆறு மேட்ச் ஆடி, மும்பையுடனான முதல் மேட்சில் மட்டும் ஜெயித்தார்கள். பெங்களூரு 2008-க்குப் பிறகு இங்கே வந்து ஜெயித்தது. டெல்லி 2010-க்குப் பிறகு ஜெயித்தது. ஹைதராபாத் முதல் முறையாக ஜெயித்தது. ஏப்ரல் 30 அன்று பஞ்சாபும் ஜெயிக்க, பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்த முதல் அணி நம்முடையது.

நேரம் சரியில்லை என்றார்கள் சிலர். கேப்டன் ருதுராஜ் முழங்கையில் எலும்பு முறிந்து பாதியில் போனாரே என்றார்கள் வேறு சிலர். நிஜம்தான். ஆனால், ருதுராஜ் ஆடிய ஏப்ரல் 5 மேட்சைப் பாருங்கள். டெல்லிக்கு எதிராக 184 எடுக்க வேண்டும். எடுத்தது 158, ஐந்து விக்கெட்டுக்கு. அதாவது, இன்னும் நான்கு பேர் பேட்டைத் தொடாமலே உட்கார்ந்திருக்கிறார்கள், மேட்ச் தோற்றுவிட்டது! விஜய் சங்கர் 54 பந்தில் 69 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். தோனி 26 பந்தில் 30, அவரும் அவுட் இல்லை. அடித்துப் பார்த்துத் தோற்றால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லலாம். அடிக்காமலே தோற்றதற்கு யாரைச் சொல்வது?

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதையும் கணக்குப் புத்தகமாகத்தான் பார்க்க வரும். ஒரு கம்பெனியின் சொத்துப் பட்டியலில் 'குட்வில்' என்று ஒரு வரி இருக்கும். பழைய நல்ல பெயருக்கு ஒரு விலை. அது சொத்துதான், சந்தேகமில்லை. ஆனால், அதை வைத்து நாளைக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. சென்னை அணி 2025-ல் செய்த தப்பு, குட்விலை ரொக்கம் என்று நினைத்ததுதான்.

அப்படி நினைக்க ஒரு காரணமும் இருந்தது. 2020-ல் ஏழாவது இடத்துக்கு விழுந்தார்கள். வயசாகிவிட்டது என்று ஊரே சிரித்தது. ஏறக்குறைய அதே ஆட்களோடு 2021-ல் கோப்பை! 2022-ல் ஒன்பதாவது. 2023-ல் மறுபடி கோப்பை! இரண்டு முறை இப்படி நடந்தால் யாருக்குத்தான் தோன்றாது, 'விழுந்தால் தானே எழுந்துவிடுவோம்' என்று? தோல்வி தப்பான பாடம் சொல்லித் தருவதில்லை சார். வெற்றிதான் சொல்லித் தரும்.

இதை அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் உப்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் அளத்தில் முதல் வேலை உப்பு எடுப்பது அல்ல. தேங்கின தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சேற்றை வழித்துப் போட வேண்டும். கரைந்துபோன வரப்பைக் கட்ட வேண்டும். அப்புறம் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உப்புத்தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம்.

"போன வருஷம் நல்லா வெளஞ்ச பாத்தியா இருந்தாலுமா சித்தப்பா?"

"நல்லா வெளஞ்சா என்னா? மிதிக்காம வுட்டா இந்த வருஷம் சேறுதான் வாரணும்."

2025 சீசனுக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்குத் தெரியாது.

இனி தோனி. கோபிக்காதீர்கள், அவரைத் தொடாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. மும்பை மேட்சில் சூர்யகுமாரை அவர் ஸ்டம்பிங் செய்த வேகத்தை இருபது வயசுப் பையன்களிடம்கூடப் பார்ப்பது கஷ்டம். லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து ஜெயித்தும் கொடுத்தார். ஆனால், முழங்கால் காரணமாக அவரால் பத்து ஓவர் நின்று ஆட முடியாது என்று கோச் ஃபிளெமிங்கே சொல்லிவிட்டார். பெங்களூருக்கு எதிராக அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவது ஆளாக வந்தார். 16 பந்தில் 30. மேட்ச் 50 ரன்னில் போனது. சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆனவர் என்ற விதியில் அவர் சம்பளம் 4 கோடிதான். ஆனால், பதினொரு பேரில் ஓர் இடம், அதைச் சுற்றி மற்ற பத்துப் பேரும் மாறி மாறி உட்காருவது... அந்தச் செலவு எந்த ரசீதிலும் வராது.

இதில் அணியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நமக்கும் பங்கு உண்டு. சேப்பாக்கத்தில் நம் ஆள் அவுட்டானால் கைதட்டல் எழுகிறது. எதற்கு? அடுத்து தோனி வருவார்! தான் முன்னால் இறங்கினால் எப்போது அவுட்டாவார் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என ஜடேஜா 2023-லேயே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சிரித்தார், நாமும் சிரித்தோம். வாடிக்கையாளர் பழைய சரக்கையே கேட்டு வாங்கும்போது கடைக்காரர் ஏன் புதுச் சரக்கு இறக்குவார்?

நஷ்டம் வந்தாலாவது இறக்குவார். இங்கே அதுவும் பெரிதாக இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும், வருமானம் பாதாளத்துக்குப் போகும். ஐ.பி.எல்.-லில் அப்படி இல்லை. 2023 முதல் 2027 வரை டிவி, டிஜிட்டல் உரிமம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் கடைசி இடத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்க பேஸ்பாலிலும் இப்படித்தான். 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 162 மேட்சில் 121 தோற்றது. அடுத்த வருஷமும் அதே லீக்கில்தான் ஆடியது. முதலாளி தூங்கிவிடுவார். தூக்கம் போனது பிரம்மதேசம் பையன்களுக்குத்தான்.

அந்தப் பையன்களில் ஒருவன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "சாய் சுதர்சன் நம்ம சென்னைக்காரர்தானே சார், அவர் ஏன் நம்ம டீம்ல இல்ல?" அந்த சீசனில் குஜராத்துக்காக 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார் அவர். 2022 ஏலத்தில் வெறும் 20 லட்சத்துக்கு வாங்கப்பட்டவர். சென்னை அணியில் எந்த பேட்ஸ்மேனும் 400 ரன்னைக்கூடத் தொடவில்லை.

கடைசி மேட்சைச் சொல்லாவிட்டால் பாவம். மே 25, அகமதாபாத். அதே குஜராத்துக்கு எதிராக 230 அடித்து, 83 ரன்னில் ஜெயித்தார்கள். வெளுத்துக் கட்டியவர்களில் ஆயுஷ் மாத்ரே, உர்வில் படேல், டெவால்ட் பிரெவிஸ் என்று மூன்று பேர். மூவருமே ஏலத்தில் எடுத்தவர்கள் இல்லை! காயம்பட்டவர்களுக்குப் பதிலாக நடுவில் வந்தவர்கள். யோசித்து வாங்கியது சொதப்ப, வேறு வழியில்லாமல் வாங்கியது விளைந்தது.

அணிக்கும் இது உறைத்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் ஜடேஜாவையே ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தார்கள். தாமதமாகத்தான், ஆனால் பாத்தியில் கால் வைத்துவிட்டார்கள்.

நம் பாத்தியை யார் மிதிப்பது? அடுத்த முறை சேப்பாக்கத்தில் நம் ஆள் அவுட்டாகும்போது கை தட்டாமல் இருந்து பாருங்கள். கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். மிதிக்கிற வேலை எல்லாமே அப்படித்தான் என்பார் சித்தப்பா.