பிணைக்குப் பிணை

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைக் கேட்டறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் குறைவு. மீலாது மேடைகளில் அது பலமுறை எடுத்துரைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், மான் பேசியது, சொன்ன சொல் தவறாது திரும்பியது என்ற அற்புதத்தோடு பலரும் நின்றுவிடுகின்றனர். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பைக் குறித்து ஹதீஸ் கலை வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காவியத்தில் அது என்ன பணி செய்கிறது என்பதே இங்கு நம் ஆராய்ச்சி.

வேடனொருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். பசித்திருக்கும் கன்றுக்குப் பாலூட்டி வர அது பெருமானாரிடம் விடுதலை வேண்டுகிறது. அதே காவியத்தில் மதியை அழைப்பித்த நாயகருக்கு ஒரு வேடனின் கயிறு எம்மாத்திரம்? எனினும் அவர் கட்டை அறுக்கவில்லை. வேடனை அச்சுறுத்தவும் இல்லை. அவனிடம் கேட்கிறார். தப்பிய மான் திரும்புமா என்று அவன் ஐயுறும்போது, தாமே பிணையாக நிற்கிறார்.

இங்கேதான் படலத்தின் உயிர் இருக்கிறது. மானுக்குக் கன்று உண்டு என்றால் வேடனுக்கும் வயிறு உண்டு. ஓர் எளிய உயிரைக் காப்பதற்காக மற்றோர் எளியவனைப் பறிகொடுத்தவனாக்க அண்ணலார் உடன்படவில்லை. இழப்பு நேருமாயின் அது தம்மையே சேரட்டும் என்று தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். பிணை என்ற சொல் தமிழில் பெண்மானையும் குறிக்கும், ஜாமீனையும் குறிக்கும். கட்டுண்ட பிணைக்காகக் கட்டற்றவர் பிணையாகிறார்! மான் கன்றோடு திரும்பி வந்ததும் வேடன் ஈமான் கொள்கிறான்; மானையும் விடுவிக்கிறான். கயிற்றை அறுத்திருந்தால் மான் மட்டுமே பிழைத்திருக்கும். பொறுத்ததால் வேடனும் மீண்டான்.

இப்பொருளை உமறுப்புலவர் வாழ்ந்த நிலத்தோடு சேர்த்துக் காண்பது தகும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே பந்தல்குடியைக் கடந்து சென்றால், புலவர் அவைக்களப் புலவராய் விளங்கிய எட்டயபுரம் வந்துவிடும். மழை பொய்த்தால் களவு பெருகும் இத்தென்பாண்டிச் சீமையில், ஊர்க்காவல் ஒரு பெரும் ஏற்பாடாக இருந்தது. ஊராரிடம் காவற்கூலி பெற்றவர், களவுபோன பொருளை மீட்டுத் தர வேண்டும். இயலாவிடில் தாமே ஈடு செய்ய வேண்டும். வலிமைக்கு அன்று ஊரார் வைத்த பிணை அது. அப்பொறுப்பை மறந்து கூலியை மட்டும் நினைத்த இடங்களில் காவலே கொள்ளையாயிற்று என்பதும் வரலாறு. இத்தகைய மண்ணில் வாழ்ந்த புலவர், காப்பவர் என்றால் பிணையாகுபவர் என்று பாடியது நம் சிந்தனைக்குரியது.

இனி ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஹிஜ்றத்துக் காண்டத்துப் போர்ப் படலங்களில் புலவர் தமிழ்க் காவிய மரபின் களவருணனைக்கு மிகுதியும் இடமளித்துவிடுகிறார். வாளின் வேகம் விளங்குமளவுக்கு, அதைத் தாங்கிய கையின் நிதானம் விளங்கவில்லை. 624ஆம் ஆண்டு பத்றுப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர், பத்துச் சிறுவருக்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பது சீறத்து நூல்கள் தரும் செய்தி. 630ஆம் ஆண்டு மக்கா வெற்றியிலோ, பல்லாண்டு துன்புறுத்தியவர்க்கும் பொதுமன்னிப்புக் கிடைத்தது. வலிமையும் கருணையும் ஒன்றாய் நின்ற அப்பெருநிகழ்ச்சியை எட்டுமுன்பே சீறாப்புராணம் நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பின்னர் பனீ அகமது மரைக்காயரின் சின்னச் சீறாவே தொடர்ந்தது.

ஆகவே, உமறு பாடாமற்போன மக்கா வெற்றியின் அறத்தை அவருடைய காவியத்தில் தேடுவோர், மான் படலத்துக்கே திரும்ப வேண்டும். வீட்டிலும் கடையிலும் ஜமாஅத்திலும் நம் ஒவ்வொருவருக்கும் சிறிதளவு வலிமை தரப்பட்டிருக்கிறது. அதைக்கொண்டு எவரைக் காத்தோம் என்று கணக்குப் பார்க்கையில், அக்காவலின் செலவை யார் தலையில் வைத்தோம் என்பதையும் சேர்த்தே கணக்கிடுவோமாக.